இடது கை எழுதிய ஆறு

அக்டோபர் 14, திங்கள்

அம்மாவின் வலது மணிக்கட்டு எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. காலையில் தென்னூர் பாலத்தில் இறங்கும்போது ஸ்கூட்டர் மணலில் சறுக்கியிருக்கிறது. முழங்கை வரை மாவுக்கட்டு. நவம்பர் 25ஆம் தேதிதான் பிரிப்பார்களாம். நான் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதாம்மா?"

"இன்னும் ஆறு ரன் பாக்கி இருக்கு ஃபெபி."

"ஆறு ரன்தானே டீச்சர், ஒரு சிக்ஸர் அடிச்சா முடிஞ்சுபோச்சு" என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை.

அம்மா லால்குடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஆராய்ச்சிப் பட்டத்துக்காக விடுப்பு எடுத்து, இங்கே திருச்சியில் ஒரு கல்லூரி ஆய்வகத்துக்குப் போய்வருகிறாள். விடுப்பு டிசம்பர் 31 வரைதான். ஆய்வக மெஷின் நவம்பர் 30 வரைதான் அம்மாவுக்கு. மூன்று பொடிகளை முடித்துவிட்டாள். நான்காவதை ஆறு முறை சோதிக்க வேண்டும். ஒரு சோதனைக்குத்தான் ரன் என்று பெயர்.

இனி எழுத்து வேலை எல்லாம் நான். துணி துவைப்பதும் நான். சமையல் அப்பா. கடவுள் காப்பாற்றட்டும்.

அக்டோபர் 16, புதன்

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்து வந்திருக்கிறேன். நான் பத்தாம் வகுப்புதான். ஆனாலும் எழுதப்போவது என்னவென்று தெரியாமல் எழுத எனக்குப் பிடிக்காது.

எனக்குப் புரிந்த வரை: பஸ், லாரி புகையில் நைட்ரஜன் டை ஆக்ஸைடு என்ற வாயு இருக்கிறது. காவி நிறம், மூச்சைப் பிடிக்கும். அம்மாவின் பொடிக்கு ஜியோலைட் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்தது. அதில் இரும்பு சேர்த்திருப்பதால் செங்கல் தூள் போல இருக்கும். வாயுவை அதன் மேல் விட்டால் பிடித்து வைத்துக்கொள்ளும். சூடாக்கினால் விட்டுவிடும். எவ்வளவு பிடிக்கிறது, எத்தனை டிகிரியில் விடுகிறது என்பதுதான் அம்மாவின் இரண்டு வருடம்.

"உறிஞ்சுதுன்னு எழுதின, கையை உடைச்சுடுவேன்" என்றாள் அம்மா. "பஞ்சு தண்ணிய உறிஞ்சும். இது மேல ஒட்டிக்கறது. பரப்புக் கவர்தல்."

"ஏற்கெனவே ஒரு கை உடைஞ்சிருக்கு இந்த வீட்ல" என்றார் அப்பா. அவர் தனியார் பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அம்மா புகையை எடை போடுகிறாள் என்று அங்கே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

ரெக்கார்டு நோட்டுக்கு அம்மா ஒரே ஒரு விதி சொன்னாள். அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. தப்பாகிவிட்டால் அதன் மேல் ஒரே ஒரு கோடு, பழைய எண் படிக்கும்படியாக. பக்கத்தில் சரியானது. கீழே கையெழுத்து, தேதி.

அக்டோபர் 19, சனி

அம்மாவுடன் ஆய்வகத்துக்குப் போனேன்! தராசு அறைக்குள் நிற்க விட்டார்கள்.

ஐம்பது மில்லிகிராம் பொடி. ஒரு சிட்டிகையில் பாதிகூட இருக்காது. அம்மா இடது கையில் சின்னக் கரண்டியைப் பிடித்துத் தட்டினாள். அதிகமாக விழுந்தது. எடுத்தாள். குறைந்தது. மறுபடி தட்டினாள். இருபத்தைந்து நிமிடம். வலது கையாக இருந்தால் இரண்டு நிமிடமாம். நான் போடட்டுமா என்றேன். பொடி யாருடையதோ அவர்தான் எடை போட வேண்டும் என்பது ஆய்வகத்து வழக்கம்.

பிறகு பொடியைக் கண்ணாடிக் குழாயில் போட்டு உலைக்குள் வைத்து முதலில் நன்றாகக் காய வைத்தாள். ஆறவிட்டு வாயுவைத் திறந்தாள். மெஷின் மிகப் பழையது, எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. பத்து நிமிடத்துக்கு ஓர் எண் திரையில் வரும். அந்தப் பத்து நிமிடத்தில் பொடி எவ்வளவு பிடித்தது என்பது அது, ஒரு கிராமுக்கு என்ற கணக்கில். ஆறு எண்கள். குறித்துக்கொள்ளாவிட்டால் போயே போய்விடும். அம்மா துண்டுச் சீட்டில் இடது கையால் கிறுக்கினாள். அவள் எழுதிய ஆறும் ஒன்பதும் ஒரே மாதிரி பக்கவாட்டில் படுத்துக்கொண்டிருந்தன. ஆனால் எண்கள் எப்போதும் படிக்கட்டு போலச் சீராக இறங்கும். அதை வைத்து நான் கண்டுபிடித்துவிட்டேன்.

கூட்டினால் 401. முந்தைய மூன்று பொடிகளைவிட அதிகம்! அம்மா என் தலையில் மாவுக்கட்டால் தட்டினாள். வலித்தது.

பிறகு சூடு ஏற்றினாள். லேசாக ஒட்டியிருந்த வாயு நூறு டிகிரியிலேயே வந்துவிட்டது. இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட வாயு முன்னூற்றைம்பது வரை அசையவே இல்லை.

நல்ல வெயில். காலையில் போட்ட துணி மதியமே காய்ந்துவிட்டது.

அக்டோபர் 22, செவ்வாய்

மழை. துணி காயவில்லை. பள்ளிப் பாவாடையை இஸ்திரி போட்டே உலர்த்தினேன். ஆவி வந்தது.

இரண்டாவது ரன் 366. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன்.

அக்டோபர் 24, வியாழன்

துணி காயவில்லை. வீடு முழுக்கக் கொடி கட்டி, ஈர நாற்றம். 371.

ஆய்வகத்து கேஸ் சிலிண்டரில் ஒழுக்கு இருக்குமோ என்று அம்மா சோப்பு நுரை தடவிப் பார்த்தாளாம். ஒழுக்கு இல்லை. அப்பா வைத்த புளிக்குழம்பில் உப்பு இல்லை. யாரும் அதைச் சொல்லவில்லை.

அக்டோபர் 28, திங்கள்

வெயில். போர்வைகூடக் காய்ந்தது. 405.

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "அப்ப அந்த ரெண்டும் என்ன?" என்றாள்.

அக்டோபர் 30, புதன்

அம்மாவின் நெறியாளர் குலசேகரன் சார் போன் செய்தார். ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு நோட்டைப் புரட்ட முடியாது என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள். நான் நோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதனால் இது ஒட்டுக் கேட்டது ஆகாது.

"நாலுல ரெண்டு ஒரு மாதிரி, ரெண்டு வேற மாதிரி. இதை எப்படிம்மா தீசிஸ்ல வைக்கிறது? அஞ்சாவதும் கீழ வந்தா இந்தப் பொடியையே விட்டுருவோம்."

"விட்டா கடைசி சாப்டரே போயிடும் சார்."

"போகட்டும். அடுத்த வருஷம் நிதானமாப் பண்ணலாம்."

"அடுத்த வருஷம் நான் எட்டாங்கிளாசுக்கு இலையோட பாகங்களை வரைஞ்சுட்டு இருப்பேன் சார்."

சார் கெட்டவர் இல்லை. "கை எப்படி இருக்கு அமலி?" என்று கேட்டார்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். பெரியப்பா கல்லறையைக் கழுவி வெள்ளை அடித்தோம். மெழுகுவத்தி நிற்கவில்லை, காற்று. அம்மா கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். "நானூறு" என்றாள்.

நவம்பர் 6, புதன்

மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை. தெருவில் முழங்கால் தண்ணீர். அம்மா ஆட்டோ பிடித்துப் போனாள். மாவுக்கட்டின் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டேன். துணி துவைக்கவே இல்லை, நேற்றையதே காயவில்லை.

ஐந்து மணிக்கு நனைந்து வந்தாள். "நான் இன்னும் கூட்டிப் பாக்கல. பயமா இருக்கு. நீயே கூட்டு" என்று சீட்டைக் கொடுத்துவிட்டுத் தலை துவட்ட உள்ளே போனாள்.

121. 98. மூன்றாவது எண்ணின் முதல் இலக்கம் படுத்துக்கொண்டிருந்தது, அடுத்தது 4. பிறகு 45, 26, 13.

சீட்டு வேறு ஈரமாகியிருந்தது. கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் அம்மா மிகவும் களைத்திருந்தாள், அதனால் தொந்தரவு செய்யவில்லை. 94 என்று எழுதினேன். மொத்தம் 397.

உள்ளேயிருந்து அம்மா, "எவ்ளோ?" என்றாள். சொன்னேன். எட்டிப் பார்த்தால் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

வழக்கமாகச் சீட்டுகளைக் குப்பையில் போட்டுவிடுவேன். இதைப் போடவில்லை. இந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். குறிப்பாகக் காரணம் எதுவும் இல்லை.

நவம்பர் 7, வியாழன்

அம்மா பாட்டுப் பாடினாள். குலசேகரன் சாரிடம் சொல்லிவிட்டாளாம். "பரவாயில்லையே, விடாம பிடிச்சுட்டியே" என்றாராம். அப்பா பரோட்டா வாங்கி வந்தார். என் பங்கை அப்பா தட்டில் வைத்துவிட்டேன்.

நவம்பர் 9, சனி

அறிவியல் தேர்வில் 50க்கு 48. யாரிடமும் காட்டவில்லை.

நவம்பர் 11, திங்கள்

மழை. துணி காயவில்லை. ஆறாவது ரன். இந்த முறை சீட்டு மிகத் தெளிவாக இருந்தது. 362.

அம்மா நோட்டைத் தன் பக்கம் திருப்பி ஆறு மொத்தங்களையும் வாசித்தாள். 401, 366, 371, 405, 397, 362. ஒரு பாட்டின் மறந்துபோன வரியைத் தேடுவது போல மறுபடி மறுபடி வாசித்தாள்.

நவம்பர் 13, புதன்

இன்று நடந்ததை முழுக்க எழுத வேண்டும்.

சாயங்காலம் அப்பா நனைந்து வந்தார். காபியைக் கையில் வாங்கியதும் புலம்ப ஆரம்பித்தார். "மழைன்னா எங்களுக்கு ரெட்டை வேலை. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஏர் டேங்கைத் தொறந்து தண்ணி வடிக்கணும். இல்லேன்னா பிரேக்கு பிடிக்காது."

"டேங்குக்குள்ள தண்ணி எப்படிப்பா போச்சு?" என்றேன்.

"காத்துலேர்ந்துதான். வெயில் நாள்ல ஒரு சொட்டு வராது. மழை நாள்ல டம்ளர் கணக்குல வரும்."

அம்மா இடது கையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அது காபியில் கரைந்து விழுந்தது.

"ஃபெபி, நான் எடை போட எவ்ளோ நேரம் ஆச்சு?"

"இருபத்தஞ்சு நிமிஷம்மா."

"தொறந்து வெச்சு இருபத்தஞ்சு நிமிஷம். துளை துளையா இருக்கற பொடி. வாயுவை மட்டுமா பிடிக்கும்? காத்துல இருக்கற தண்ணியையும்தான் பிடிக்கும்." எழுந்து நடந்தாள். "உலைல வெச்சதும் தண்ணி போயிடும், அதனாலதான் எனக்குச் சந்தேகமே வரல. ஆனா அதுக்கு முன்னாடி தண்ணியையும் சேத்து நிறுத்து, அம்பது மில்லிகிராம் பொடின்னு எழுதிட்டேன். நாப்பத்தஞ்சுதான் இருந்திருக்கும். அப்ப குறைச்சலாத்தானே காட்டும்! கை நல்லா இருந்தப்ப ரெண்டு நிமிஷத்துல முடிச்சேன், அதனால வித்தியாசம் தெரியல. ஏங்க, எந்தெந்த நாள் மழை?"

அப்பாவுக்கு நினைவில்லை. "ஃபெபி டைரில துணி காஞ்சுதா காயலையான்னு எழுதுவாளே, சரியான கிழவி மாதிரி" என்றார்.

டைரியை நானே பிடித்துக்கொண்டு துணி வரிகளை மட்டும் வாசித்தேன். அம்மா பென்சிலால் குறித்தாள்.

"அக்டோபர் பத்தொம்போது?" "காய்ந்தது." "நானூத்தி ஒண்ணு. இருபத்தி ரெண்டு?" "காயவில்லை." "இருபத்தி நாலு?" "காயவில்லை." "இருபத்தெட்டு?" "போர்வைகூடக் காய்ந்தது." அம்மாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. "நவம்பர் பதினொண்ணு?" "காயவில்லை." "சரி. ஆறாம் தேதி?"

நான் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்குத்தான் ஸ்கூலே லீவு விட்டாங்களே" என்றார் அப்பா.

"காயவில்லை" என்றேன்.

அம்மா பென்சிலைக் கீழே வைத்தாள். "முன்னூத்தித் தொண்ணூத்தேழு. கொட்டற மழைல."

"ஒண்ணுதானே ஒத்து வரல டீச்சர்?"

"ஒண்ணு ஒத்து வரலேன்னா அது காரணம் இல்லைங்க. பிடிச்ச அஞ்சை வெச்சுக்கிட்டுப் பிடிக்காத ஒண்ணைத் தூக்கிப் போட்டா அது கதை, ஆராய்ச்சி இல்ல." பென்சில் குறிகள் எல்லாவற்றின் மேலும் ஒரு கோடு போட்டாள். ஒரே கோடு, படிக்கும்படியாக.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். பள்ளியில் மிட்டாய் கொடுத்தார்கள். பையில் இருக்கிறது.

நவம்பர் 16, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பங்குச் சாமியார் புதியவர். அது ஒரு வகையில் நல்லது.

"ஆறை ஒன்பதுன்னு எழுதிட்டேன் ஃபாதர்."

"எந்தப் பரீட்சையிலம்மா?"

"பரீட்சை இல்ல ஃபாதர். நைட்ரஜன் டை ஆக்ஸைடு."

திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆறுன்னு தெரிஞ்சே எழுதினியா?" என்றார்.

இந்தக் கேள்வியை நான் இதுவரை என்னிடம் கேட்டுக்கொள்ளவே இல்லை. இந்த டைரியிலும் எழுதவில்லை. தெரியும். பார்த்தவுடனே தெரியும். படிக்கட்டு அப்படி இறங்காது. 98க்குப் பிறகு 94, பிறகு ஒரேயடியாக 45 வராது. அம்மாவின் களைப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் நானூறுக்குப் பக்கத்தில் ஏதாவது வேண்டும் என்று நினைத்தேன், கையில் ஒரு ஒன்பது கிடைத்தது.

"தெரிஞ்சுதான் ஃபாதர்."

"கடவுள் மன்னிச்சுடுவாரு பாப்பா. ஆனா அவருக்கு அந்த நோட்டைத் திருத்தற வேலை இல்ல. யாரோட நோட்டோ அவங்ககிட்ட போய்ச் சொல்லு."

நவம்பர் 17, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் சொன்னேன். அம்மா மாடியில் வற்றல் காய வைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேச நினைத்ததெல்லாம் வரவில்லை. டைரியை நவம்பர் 6இல் திறந்து, சீட்டோடு நீட்டினேன்.

அம்மா வாசித்தாள். நேற்றையதையும் வாசித்தாள். சீட்டை வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அறுபத்தி நாலு" என்றாள். "வேற எதுவா இருக்க முடியும்? நானும் அந்தப் பக்கத்தைப் பாத்தேன் ஃபெபி. மொத்தத்தை மட்டும் பாத்தேன். மேல இருக்கற எண்ணைப் பாக்கல. எனக்கும் தொண்ணூத்தேழு வேண்டியிருந்திச்சு போல."

"நீ பட்டம் வாங்காமலே திரும்ப லால்குடிக்கே போயிடுவேன்னு..."

"போனா என்னடி? அவ்ளோ கேவலமா அது? அங்க இருக்கறதும் என் பிள்ளைங்கதான்." அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. மதியமும் பேசவில்லை. அப்பா இரண்டு பேர் தட்டையும் பார்த்துவிட்டு, அவரும் பேசாமல் ரசத்தை ஊற்றினார்.

நாலு மணிக்கு ரெக்கார்டு நோட்டுடன் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"நூறு டிகிரியிலேயே வந்திருக்கலாம் நீ. பதினோரு நாள் பிடிச்சு வெச்சிருக்கே. முன்னூத்தம்பது வரைக்கும் போயிட்டே."

நான் அழுதேன். சிரித்தேனா என்றும் சரியாகத் தெரியவில்லை.

"அழுது முடிச்சுட்டு எழுது. விதி ஞாபகம் இருக்கில்ல?"

94 மேல் ஒரு கோடு. பக்கத்தில் 64. 397 மேல் ஒரு கோடு. பக்கத்தில் 367. சீட்டை அதே பக்கத்தில் ஒட்டினேன்.

"கையெழுத்து?"

"நீ போடும்மா."

"தப்பு பண்ணது நானா? யார் எழுதினாங்களோ அவங்க போடணும்."

எனக்குக் கையெழுத்தே கிடையாது. ரஃப் நோட்டில் ஏழு முறை போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் சுழிக்காமல் முழுப் பெயரையே எழுதினேன். ச. ஃபெபியோலா, 17-11.

நவம்பர் 19, செவ்வாய்

நேற்று மழை. அம்மா காய வைத்த பொடியைத் தராசில் திறந்து வைத்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாளாம். முதலில் 50.0 மில்லிகிராம். யாரும் தொடவில்லை. 50.6. 52.3. இருபத்தைந்தாவது நிமிடத்தில் 55.1. அம்மாவுக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்ததாம், ஒரு கைதானே இருக்கிறது என்றாள். பக்கத்து மேசைப் பெண்ணின் கையில் தட்டினாளாம்.

இன்னும் இரண்டு ரன் எடுக்கப் போகிறாள். ஒன்று வேண்டுமென்றே திறந்து வைத்து நிறுத்தது. இன்னொன்று காய வைத்து, மூடி போட்ட குப்பியில் நிறுத்தது. இரண்டும் மழை நாளில் இருக்க வேண்டும். வாழ்க்கையில் முதல் முறையாக மழை வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

நவம்பர் 21, வியாழன்

மழை! துணி காயவில்லை! திறந்து வைத்தது 364.

நவம்பர் 22, வெள்ளி

மழை. மூடி வைத்தது 402.

அப்பா தன்னை ஆராய்ச்சிக் கட்டுரையில் போட வேண்டும் என்கிறார். "ஏர் டேங்க் சவரிராஜ்னு போடு டீச்சர்."

நவம்பர் 25, திங்கள்

காலையில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். உள்ளே கை வெளுத்து, சின்னதாக, வேறு யாருடையதோ போல இருந்தது. பள்ளி விட்டதும் நான் நேராகக் கல்லூரிக்குப் போனேன். மூன்று மணியிலிருந்து அம்மா குலசேகரன் சார் அறையில். நோட்டைப் பிடித்துக்கொள்ள நானும் வேண்டும் என்று சொல்லியிருந்தாள். இப்போது கட்டைப் பிரித்தாயிற்று, ஆனாலும் வரச் சொன்னதை மாற்றவில்லை.

சார் நோட்டை முதலிலிருந்து புரட்டினார். ஐந்தாவது ரன்னில் நிறுத்தினார்.

"என்கிட்ட முன்னூத்தித் தொண்ணூத்தேழுன்னு சொன்னியே அமலி."

"தப்பு சார். முன்னூத்தி அறுபத்தேழு. சீட்டு பக்கத்திலேயே ஒட்டியிருக்கு. அதைத் திருத்தினப்புறம்தான் மழை நாள் நாலும் ஒண்ணா விழுந்துச்சு."

சார் கண்ணாடியை ஏற்றிச் சீட்டைப் பார்த்தார். படுத்திருந்த ஆறைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார்.

"யாரு இது, ஃபெபியோலா?"

"என் வலது கை சார்" என்றாள் அம்மா.

சார் என்னை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தைத் திருப்பி, 364ஐயும் 402ஐயும் வெகு நேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து அடியில் தன் கையெழுத்தைப் போட்டார். "கடைசி சாப்டர் இருக்கட்டும். டிசம்பர் பத்துக்குள்ள எழுதிக் குடு. எடை போட்ட விவரத்தை ஒளிக்காம எழுது, மத்தவங்களும் இதே தப்பைப் பண்ணுவாங்க."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். அம்மா என் டைரியைக் கேட்டாள். பேனாவை வலது கையில் பிடித்தாள். எழுத்து வருகிறதா என்று பார்க்க இந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஓர் எண்ணை எழுதினாள். ஆறு. தலையை நன்றாக மேலே நீட்டி, வயிற்றைத் தரையில் ஊன்றி, யாரும் வேறு எதுவாகவும் படித்துவிட முடியாத ஆறு.

துணி காய்ந்தது.